ஒரே அலமாரியில் மோவா

இன்னாசி கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் கல்லூரியின் விலங்கியல் ஆய்வக அட்டெண்டர். ஐந்தடிக்கு ஓரங்குலம் குறைவு. மனைவி மார்கரெட் அவரைவிட ஒரு தலை உயரம். அதற்கு வெட்கப்பட்டே முப்பது வருடத்தை ஓட்டினார் மனுஷன். ஞாயிற்றுக்கிழமையில்கூட அவள் முதல் பூசை, இவர் இரண்டாம் பூசை. எட்டு மாதத்துக்கு முன் பஸ் ஸ்டாண்டில் பழைய சிநேகிதர் ஒருவர், “இவங்க யாரு?” என்று கேட்க, “பக்கத்து வூட்டுக்காரங்க” என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே மார்கரெட் தியாகதுருகத்தில் மகள் பிரின்சி வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகு வீட்டில் சத்தமென்றால் குக்கர் விசில்தான். ஒரு ஆளுக்கு வைத்த சோறும் பாதி மிஞ்சும். போன் செய்தால் மகள் எடுப்பாள். “அம்மா தூங்கிக்கினு இருக்குதுப்பா” என்பாள். பகல் பதினொரு மணிக்கு என்ன தூக்கம்? இவருக்குத் தெரியாதா?

போன வெள்ளிக்கிழமை துறைத்தலைவி தமிழ்மொழி ஒரு வேலை கொடுத்தார். மோவா என்பது நியூசிலாந்தில் வாழ்ந்து, அறுநூறு வருடத்துக்கு முன் பூண்டற்றுப் போன ராட்சதப் பறவை. இறக்கையே கிடையாது. அதன் கால் எலும்புக்கு ஆய்வகத்தில் பிளாஸ்டர் நகல்கள் இரண்டு உண்டு. பெரியது ஓர் அலமாரியில், சிறியது இன்னொன்றில், தனித்தனிப் பெயர்ச்சீட்டோடு.

“ரெண்டையும் ஒண்ணா வெச்சிடுங்க இன்னாசி. அளவு ஜாஸ்தி கம்மியா இருந்ததால வேற வேற இனம்னு ரொம்ப வருஷமா நெனச்சிக்கினு இருந்தாங்க. எலும்புல டிஎன்ஏ எடுத்துப் பாத்தா ஒரே இனம்தான். பெருசு பொட்டை, சின்னது ஆண்.”

இன்னாசி எலும்புகளைச் சேர்த்து வைத்துப் புதுச் சீட்டு ஒட்டினார். பசை காய்ந்த பிறகும் நகரவில்லை. அவ்வளவு படித்தவர்களே தப்பென்று தெரிந்ததும் சீட்டைக் கிழித்துவிட்டார்கள், தனக்கென்ன கேடு என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிறன்று தியாகதுருகம் போனார். மார்கரெட் சோறு போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பஸ் ஏற்றிவிட வந்தவள் பழக்கதோஷத்தில் நாலடி தள்ளி நின்றாள். இவர் போய் அவளை ஒட்டி நின்றார். பூக்காரி இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

“இவங்க உங்களுக்கு இன்னா வேணும் சார்?”

“என் வூட்டுக்காரி.” குரல் தேவைக்கு மேல் பெரிதாக வந்துவிட்டது. டீக்கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள்.

பஸ் வந்தது, இவர் ஏறி உட்கார்ந்தார். மார்கரெட் ஏறவில்லை. ஜன்னலோரம் வந்து நின்றாள்.

“இங்க உங்கள யாருக்குத் தெரியும்? அடுத்த வாரம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வரேன். அங்க சொல்லுங்க, பாக்கலாம்.”