புனித வெள்ளி வெயிலில் என் நெஞ்சு

புனித வெள்ளியன்று தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒருசந்தி நோன்பிருந்து சிலுவைப் பாதை நடப்பது எங்கள் வீட்டு வழக்கம். இதயக் குழாயில் அடைப்பு என்று டாக்டரம்மா சொன்ன வருஷமாவது நான் அதை விட்டிருக்க வேண்டும். "நோயாளிக்கு ஒருசந்தி கெடையாதுப்பா, சாப்புட்டுட்டே வா" என்று பங்குச் சாமியாரே சொல்லிவிட்டார். எனக்கு வீம்பு. பெங்களூர் வெயில் ஆளைக் கொல்லுமா என்ற இளக்காரம் வேறு.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கியிருந்தார். வெயிலில் உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பும். அதற்காக இதயம் வேகமாக அடிக்க வேண்டும். அப்படி அடிக்க அதற்கே கூடுதல் ரத்தம் வேண்டும். குழாய் குறுகியிருந்தால் அது வந்து சேராது. வேர்த்துக் கொட்டித் தண்ணீரும் குடிக்காவிட்டால் இன்னும் மோசம். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆஸ்டின் டவுன் கோவில் மைதானத்தில் உச்சி வெயில். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். முழுக்கைக் கறுப்புச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சிலுவைப் பாதையில் நின்று ஜெபிக்கும் இடங்கள், அதாவது ஸ்தலங்கள், பதினாலு; ஒவ்வொன்றிலும் முழங்காலிட வேண்டும். ஏழாவது ஸ்தலத்தில் முழங்காலிட்டபோது நெஞ்சுக்குள் ஈரத்துணியைப் பிழிவதுபோல் இருந்தது. இடது தோள் கனத்தது. எழுந்து போய்விடலாம் என்று பார்த்தால் முன்னால் முதுகுகள், பின்னால் முழங்கால்கள். கால் வைக்க இடமில்லை. அத்தனை பேர் மௌனமாக இருக்கும்போது கத்தவும் வெட்கம். நெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வலியில் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

அதுதான் வினையாகப் போயிற்று. புனித வெள்ளியன்று நெஞ்சில் கை வைத்துக் கண்ணீர் விடுகிறவனை யார் நோயாளி என்று நினைப்பார்கள்? பக்கத்திலிருந்தவர் என் முதுகைத் தடவி, "அழுங்க பிரதர், மனசு லேசாவும்" என்றார். அட கடவுளே! வலி என்று சொல்ல வாயைத் திறந்தால் வெறும் காற்றுத்தான் வந்தது. இங்கேயே செத்துப்போவேன், இவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஸ்தலத்துக்குப் போய்விடுவார்கள் என்று பயந்தேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது. "அவரு அழுவுற ஆளே இல்லீங்க! அவங்கம்மா சாவுக்கே அழுவல. நெஞ்சு வலி அது, ஜாகா விடுங்க! யாராச்சும் ஆட்டோ புடிங்க!"

கால்களை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் என்னைச் சுவர் நிழலுக்குத் தூக்கிப் போனார்கள். கைப்பையிலிருந்த மாத்திரையை அவள் என் நாக்குக்கு அடியில் வைத்தாள். வாய் காய்ந்து கிடந்ததால் கரையவில்லை. யாரோ குழந்தைக்கு வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கி நீட்டினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உயிர் போகிற நேரத்திலும் நான் உதட்டை மூடிக்கொண்டேன்.

கல்யாணமான நாளிலிருந்து புனித வெள்ளியன்று அவள் ஒரு சொட்டுத் தண்ணீர் குடித்ததில்லை, பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோதும். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பாட்டிலைத் தூக்கி எல்லோர் முன்னாலும் மடக் மடக்கென்று குடித்தாள்.

"என் ஒருசந்தியும் போச்சு. இப்ப குடிங்க" என்றாள். மிச்சமிருந்ததை என் வாயருகே நீட்டினாள்.

குடித்தேன்.