தோரா மூடிய சரிவு

காலைச் சாப்பாட்டுக்கு முன்பே வழிகாட்டிகள் விடுதியின் பின்னறையில் கூடிவிடுவார்கள். ஹெலிகாப்டரில் வரும் விருந்தினர்களைப் பனிச்சறுக்குக்கு அன்று எங்கே இறக்குவது என்று முடிவு செய்ய வேண்டும். தலைமை வழிகாட்டி பெவன் ஒவ்வொரு சரிவின் பெயராகச் சொல்வார். நான்கு பேரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் அந்தச் சரிவு மூடப்படும். ஏன் என்று கேட்கக் கூடாது. கேள்விக்குக் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டவர்கள் சிலர் பனிச்சரிவில் புதைந்து செத்திருக்கிறார்கள்.

“சாம்பல் மடி?”

“வேண்டாம்,” என்றாள் தோரா.

சுவர் வரைபடத்தில் அந்த இடத்தில், மூடியதன் அடையாளமாகக் குத்தியிருந்த சிவப்பு ஊசியை பெவன் தொடவே இல்லை. குளிர்காலம் தொடங்கியதிலிருந்து அது அங்கேதான் இருந்தது.

தோரா கில்க்ரிஸ்ட் மரம் அறுக்கும் ஆலைத் தொழிலாளியின் மகள். பள்ளி முடித்ததும் சறுக்குத்தளத்தில் பனி தள்ளும் வேலைக்குப் போனாள். வழிகாட்டித் தேர்வில் இரண்டு முறை தோற்றாள். நன்றாகத்தான் ஏறினாள், பின்னால் வருபவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை என்றார்கள். தேறிய பிறகு விருந்தினர்கள் அவளையே பெயர் சொல்லிக் கேட்டார்கள்.

போன மார்ச்சில் சாம்பல் மடியில் பனிப்பாளம் உடைந்து சரிந்தது. விருந்தினர்களை மேலே நிறுத்திவிட்டு முதலில் இறங்கியவள் என்பதால் அவள் மட்டுமே புதைந்தாள். பனி சிமென்ட்டாக இறுகியது. விரலைக்கூட அசைக்க முடியவில்லை. சக வழிகாட்டி லைல்தான் தோண்டி எடுத்தான். உடம்பில் ஒரு கீறலும் இல்லை.

இப்போது அங்கே பனி நன்றாக இருக்கிறது. நேற்று லைல் ஓரத்தில் குழி வெட்டிப் பனி அடுக்குகளைச் சோதித்துப் பார்த்திருந்தான். அவளுக்கும் அது தெரியும். பயம் என்று சொன்னால் வேலை போகலாம். பனியின் மேல் பழி போட்டுக்கொண்டே இருந்தால், பனி நிஜமாகவே மோசமாக இருக்கும் நாளில் தன் சொல்லைத் தானே நம்ப முடியாமல் போகும்.

லைல் கொட்டாவி விட்டான். “மகாராணி, கழுதைக்காது சரிவாவது திறந்திருக்கா? இல்ல அதுக்கும் பூட்டா?”

“வாய மூடு லைல். வேண்டாம்னா வேண்டாம்தான்,” என்றார் பெவன்.

“விடுங்க பெவன், அவனாவது பேசட்டும். யாராவது ஏன்னு கேளுங்களேன்!” என்றாள் தோரா.

“கேக்கக் கூடாதே.”

“அந்த விதிய ஓரமா வைங்க. தினமும் நான் வேண்டாங்கிறேன், நீங்க தலையாட்டிட்டு அடுத்த பேருக்குப் போயிடுறீங்க. நான் அங்கயே நிக்கிறேன்.”

லைல் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான். “சரி, கேக்கறேன். ஏன்?”

“பனியில ஒண்ணுமில்லடா. அந்தப் பேரக் கேட்டாலே எனக்கு மூச்சு நின்னுடுது.”

பெவன் அவள் பக்கம் திரும்பினார். “அப்ப நீ வேண்டாம்னு சொன்னதத் திரும்ப எடுத்துக்கிறியா?”

“எடுத்துக்கிறேன். ஆனா நான் அங்க போகமாட்டேன்.”

“இன்னிக்கு ரேடியோவுல உக்காரு. உன் வேலையப் பத்தி சாயங்காலம் பேசுவோம். இப்பவே எதுவும் சொல்ல முடியாது.”

“தெரியும்.”

அவர் ஊசியைப் பிடுங்கினார்.

ரேடியோ அறைக்கு ஜன்னல் கிடையாது. வெகுநேரம் கழித்து லைலின் குரல் வந்தது: “சாம்பல் மடி உச்சியில இருக்கோம். முதல்ல நான் இறங்கறேன்.”

தோரா ரேடியோவில் பேசும் பொத்தானை அழுத்தினாள். “பாத்துப் போ.”

விரலை எடுத்தால்தான் மறுபடி அவன் குரல் வரும். கட்டைவிரல் வெளுக்கும்வரை அழுத்தியபடியே உட்கார்ந்திருந்தாள். பிறகு எடுத்தாள்.