புது முகவரிக்கும் அதே பூட்டு

கருளாய் கிராமத்தில் ஜசீலாவை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்ததில்லை. கணக்கில் பட்டம் வாங்கிய கையோடு நிக்காஹ் ஆயிற்று. கணவன் ஷௌக்கத் வளைகுடாவில் சலாலாவுக்கு வேலைக்குத் திரும்பிப் போனான். அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகள். அப்படியும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கணக்கு நோட்டோடு நேராக அவள் சமையலறைக்கு வந்துவிடுவார்கள். மத்தி மீன் கழுவிக்கொண்டே பின்னம் சொல்லிக்கொடுப்பாள். விடை தப்பாக வந்தால் திட்டமாட்டாள். "எந்த வரி வரைக்கும் சரியா இருக்கு? அதை முதல்ல காட்டு" என்பாள்.

வளைகுடாவில் இருக்கும் மலையாளிப் பிள்ளைகளுக்கு இணையத்தில் பாடம் நடத்தும் பள்ளி ஒன்று அவளைக் கூப்பிட்டிருந்தது. சனிக்கிழமை மாலை ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். தலைமை ஆசிரியைக்குப் பிடித்தால் வேலை நிச்சயம். பாடத்தை ஏற்றி வைக்கலாம் என்று வியாழக்கிழமை காலை பள்ளியின் தளத்தைத் திறந்தாள். சிவப்பில் ஒரே ஒரு வரிதான் வந்தது: உங்கள் இணைய முகவரி தடுக்கப்பட்டுள்ளது.

மடிக்கணினியை அணைத்துப் போட்டாள். தன் போனில் பார்த்தாள். மகளின் போனிலும் பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே சிவப்பு வரி. போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் மேட்டில் ஏறினாள். அங்கேதான் சிம் கார்டுக்குச் சிக்னல் கிடைக்கும். தளம் சட்டென்று திறந்துகொண்டது. அப்படியென்றால் தளத்தில் கோளாறு இல்லை, பாஸ்வேர்டும் சரி. வீட்டு வைஃபை வழியாகப் போனால்தான் கதவை அடைக்கிறார்கள். மேட்டிலேயே உட்கார்ந்து வகுப்பு எடுக்கலாம் என்றால், அந்தச் சிக்னலில் முகம் தெரிந்தால் குரல் கேட்காது.

பள்ளிக்குப் போன் செய்தாள். எடுத்த பையன் பார்த்துச் சொன்னான்.

"டீச்சர், உங்க வீட்டுலேர்ந்து தப்பான பாஸ்வேர்டு வந்துக்கிட்டே இருக்கு. யாரோ பூட்டை உடைக்கிறாங்கன்னு நெனச்சு தளம் தானாவே அடைச்சிடுது. இப்ப திறந்து விடறேன்."

திறந்து விட்டான். அரிசி உலையில் கொதிக்கும் முன்பே மறுபடி அடைத்துக்கொண்டது.

இரவு ஷௌக்கத் கூப்பிட்டான்.

"பூட்டை உடைக்கிறானா? என்னத்தத் திருட? உன் பெருக்கல் வாய்ப்பாடையா?"

"சிரிங்க இக்கா, நல்லா சிரிங்க. சனிக்கிழமை போச்சுன்னா இன்னொரு தடவை கூப்பிடமாட்டாங்க."

அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, வீட்டுக்கு வைஃபை இணைப்பு தந்த கேபிள்காரன் சுதீஷ் வந்தான். மோடத்தை அணைத்து, தன் ஆபீசுக்குப் பேசி, வீட்டு இணைப்புக்குப் புது இணைய முகவரி வாங்கிக் கொடுத்தான். தளம் திறந்தது. ஜசீலா சந்தோஷத்தில் அவனுக்கு பால் விடாத சுலைமானி டீ ஒன்று போட்டுக் கொடுத்தாள். அவன் அதைக் குடித்து முடிப்பதற்குள் சிவப்பு வரி வந்துவிட்டது.

"டீச்சரே, இனிமே வீட்டைத்தான் மாத்தணும்," என்றான் சுதீஷ்.

ஜசீலா மோடத்தின் முன் உட்கார்ந்தாள். பிள்ளைகளிடம் கேட்பதைத் தன்னிடமே கேட்டாள். எந்த வரி வரைக்கும் சரி? முகவரி மாறிவிட்டது, தப்பு மாறவில்லை. வெளியே இருக்கும் திருடனுக்குப் புது முகவரி இவ்வளவு சீக்கிரம் எப்படித் தெரியும்? தெரிய வழியே இல்லை. அப்படியானால் பூட்டை ஆட்டுகிறவன் வீட்டுக்குள்தான் இருக்கிறான்.

"சுதீஷ், போயிடாதே. உன் போன்லயும் வைஃபையை அணை."

மடிக்கணினி, போன்கள், டிவி என்று ஒவ்வொன்றாக அணைத்தாள். மாமியார் பார்த்துக்கொண்டிருந்த சீரியல் பாதியில் நின்றது.

"எடீ, அவ இப்பத்தான் கடிதத்தைப் பிரிச்சா!"

"உம்மா, அவ நாளைக்கும் பிரிச்சுக்கிட்டுத்தான் இருப்பா."

வீட்டில் எதுவுமே ஓடவில்லை. ஆனால் மோடத்தில் வைஃபையின் பச்சை விளக்கு விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. ஜசீலா அதையே பார்த்தாள். அப்போது மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து போனில் ஓடும் மாப்பிளப்பாட்டு ஒன்று கேட்டது.

மதிலை ஒட்டி ஷௌக்கத்தின் தங்கை ஹஸீனாவின் வீடு. வைஃபை இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வருகிறவன் புது போன் கொண்டுவந்தால், பழையது ஒவ்வொரு கையாக இறங்கும். போன தடவை ஜசீலாவின் போன் ஹஸீனாவுக்கு இறங்கியது. அந்தப் பள்ளியில் ஜசீலா முதன்முதலில் பெயர் பதிந்தது அந்த போனில்தான். போன வாரம் பள்ளி சொன்னதால் பாஸ்வேர்டை மாற்றினாள். பழைய போனுக்கு அது எப்படித் தெரியும்?

ஜசீலா முக்காட்டுத் தட்டத்தைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடினாள். ஹஸீனா அரிசி மாவில் பத்திரி சுட்டுக்கொண்டிருந்தாள். போன் மாவு டப்பாவின் மேல் சாய்ந்து பாடிக்கொண்டிருந்தது.

"ஹஸீ, இந்த போனைக் குடுக்கும்போது உள்ள இருக்கறதை எல்லாம் அழிக்கட்டுமான்னு கேட்டேனே!"

"கேட்டீங்க இத்தா. என் நிக்காஹ் படம் எல்லாம் அதுலதானே இருக்கு? நான்தான் விடலையே."

ஜசீலா போனை வாங்கித் தேடினாள். கடைசித் திரையில், யாரும் தொடாத ஒரு மூலையில், பள்ளியின் செயலி இருந்தது. உள்ளே அவளுடைய பெயர். பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு அது ஓயாமல் கதவைத் தட்டியிருக்கிறது.

"இத்தா, நான் தொட்டதே இல்ல, அல்லாஹ்வாணை!"

"நீ தொடலடீ. அதுவாத்தான் தட்டுது. திருடன் என் பேர்லயே உன் சமையல்கட்டுல இருந்திருக்கான்."

செயலியை மட்டும் நீக்கினாள். நிக்காஹ் படங்களில் ஒன்றுகூடப் போகவில்லை. சுதீஷ் மறுபடி முகவரியை மாற்றினான். தளம் திறந்தது. பத்திரித் தட்டோடு வந்த ஹஸீனா, சுதீஷ், ஜசீலா மூன்று பேரும் சுடச்சுடத் தின்றுகொண்டு திரையையே பார்த்தார்கள். தட்டு காலியானது. மாமியாரின் சீரியல் முடிந்து அடுத்தது தொடங்கியது. சிவப்பு வரி வரவே இல்லை.

"டீச்சரே! ஜெயிச்சிட்டீங்க!" என்று சுதீஷ் மேசையில் தட்டினான்.

"இன்னும் பாதிதான், வகுப்பு பாக்கி இருக்கு," என்றாள் ஜசீலா. ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு.

சனிக்கிழமை வகுப்பில் ஒரு பெண்பிள்ளை கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு அழப் பார்த்தாள். ஜசீலா அவளைக் கடைசி வரியிலிருந்து ஒவ்வொரு வரியாக மேலே கூட்டிப் போனாள். தப்பான இடத்தை அந்தப் பிள்ளையே கண்டுபிடித்து, "டீச்சர், கிடைச்சிடுச்சு!" என்று கத்தியதில் எல்லாப் பிள்ளைகளும் கை தட்டினார்கள்.

வகுப்பு முடிந்ததும் தலைமை ஆசிரியை திரையில் வந்தார்.

"திங்கட்கிழமையிலேர்ந்து எட்டாம் வகுப்பு உங்களோடது. ஆமா, அந்தத் தடுப்பை எப்படிச் சரி பண்ணீங்க? வேற ரெண்டு டீச்சருங்க வீட்டுலயும் இதே தொல்லை. இங்க யாருக்கும் புரியல."

"அவங்க வீட்டுக்காரங்களும் வளைகுடாவுலயா மேடம்?"

"ஆமாம். ஏன்?"

"அப்ப பழைய போனை யாருக்குக் குடுத்தாங்கன்னு முதல்ல கேளுங்க," என்றாள் ஜசீலா டீச்சர்.