மாப்பிள்ளை ஒட்டிய கப்பல்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. தைப்பிங்கில் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்துகொண்டிருந்த காலத்தில், பக்கத்து மேசைக்காரன் பென்சிலை என்னைவிடக் கூர்மையாகச் சீவியிருந்தால்கூட அன்று முழுக்க எனக்கு வேலை ஓடாது. ஓய்வு பெற்று ஈப்போவுக்குக் குடிவந்த பிறகு பக்கத்து மேசையும் இல்லை, பென்சிலும் இல்லை. அத்தனை பொறாமையும் மொத்தமாக என் தங்கை கணவர் மேல் போய் விழுந்தது.

நாங்கள் இருவரும் பிளாஸ்டிக் கப்பல் ஒட்டுகிறவர்கள். பெட்டிக்குள் சின்னச் சின்னத் துண்டுகளாக வரும். வெட்டி, தேய்த்து, ஒட்டி, சாயம் அடித்து முழுக் கப்பலாக்க வேண்டும். பேரப்பிள்ளை எடுத்த கிழவனுக்கு இது என்ன விளையாட்டு என்று என் மனைவி கேட்பாள். விளையாட்டு இல்லை, வரலாறு என்பேன். அவள் போய் சீரியல் பார்ப்பாள்.

கப்பல் ஒட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சண்டையில் குண்டு வீசிய கப்பல்தான் வேண்டும், ஜெர்மானியருடையது, ஜப்பானியருடையது. எனக்குப் பிடித்தது இரண்டு உலகப் போருக்கும் நடுவில் இருந்த ஆஸ்திரேலியக் கடற்படை. ஒப்பந்தம் ஒன்றுக்குக் கட்டுப்பட்டு, தங்களிடம் இருந்த மிகப்பெரிய போர்க்கப்பலைச் சிட்னிக்கு வெளியே தாங்களே கடலில் மூழ்கடித்தார்கள். இங்கிலாந்தில் சொல்லி வைத்து குரூசர் என்கிற வேகப் போர்க்கப்பல் இரண்டைப் புதிதாக வாங்கினார்கள். உலகமெங்கும் பணப்பஞ்சம் வந்ததும் பல கப்பல்களைக் கரையில் கட்டிப்போட்டு, மாலுமிகளில் நிறையப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மிச்சம் இருந்தவர்கள் சாயம் அடித்தார்கள், பித்தளை துலக்கினார்கள், துறைமுகம் துறைமுகமாகப் போய் சலாம் வைத்தார்கள். அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவனுக்கு இந்தக் கடற்படை நன்றாகப் புரியும். கப்பல் ஒட்டுகிறவர்களுக்கென்று நாங்கள் வைத்திருக்கும் சங்கத்தில் வேறு யாரும் அதைத் தொட்டதில்லை. அது என்னுடையது என்றே நினைத்திருந்தேன்.

அந்த வருடச் சங்கப் போட்டிக்கு அந்தப் புதுக் குரூசர்களில் ஒன்றைச் செய்யப்போவதாக ஒரு நாள் சாப்பாட்டின்போது வாயை விட்டுவிட்டேன்.

“நானும் அதையே செய்யலாம்னு பாக்குறேன் மச்சான்,” என்றார் மாப்பிள்ளை. “நீங்க சொல்லிச் சொல்லி எனக்கும் ஆசை வந்துருச்சுலா.”

“செய்ங்க மாப்ளே, அதுக்கென்ன,” என்றேன். சோறு அதற்குமேல் இறங்கவில்லை.

மாப்பிள்ளைக்குத் தைப்பிங் பக்கத்தில் கமுந்திங் தொழிற்பேட்டையில் சாயம் அடிக்கிற வேலை. இருபது வருடமாக ஸ்ப்ரே கன் பிடித்த கை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூரிகையால் அரைநாள் தடவுவதை, அவர் பாட்டு முணுமுணுத்தபடி பத்து நிமிடத்தில் ஊதி முடித்துவிடுவார். எனக்குப் படிப்பும் அளவும் தெரியும். அவருக்குக் கை தெரியும். பார்க்கிறவர்களின் கண் எப்போதும் கையைத்தான் பார்க்கிறது.

போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தைப்பிங்கில் தங்கை வீட்டுக்குப் போனேன். வழக்கம்போல மழை. அந்த ஈரத்தில் என் சாயமெல்லாம் பால் கலந்த மாதிரி வெளுத்துப் போயிருக்கும். மாப்பிள்ளை ஒரு பெட்டிக்குள் பல்பை எரியவிட்டுக் காயவைத்திருந்தார். தங்கைதான் எனக்குக் கப்பலைக் காட்டினாள். வெளிர் சாம்பல் உடம்பு. மேல்தளத்தில் ஒவ்வொரு பலகைக்கும் ஒரு நிறம். வெயிலுக்குக் கட்டுகிற துணிப்பந்தலைக்கூட மெல்லிய காகிதத்தில் செய்து, காற்றில் லேசாகத் தொய்ந்த மாதிரி வைத்திருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எங்காவது ஒரு குறை கிடைக்காதா என்று குனிந்து தேடினேன்.

கிடைத்தது. அந்தக் குரூசருக்கு மூன்று புகைபோக்கிகள். ஆஸ்திரேலியர்கள் வாங்கிய இரண்டு கப்பல்களில் மட்டும் அவை இங்கிலாந்துக் கப்பல்களுடையதைவிடக் கொஞ்சம் உயரம். பெட்டியில் வருவதோ இங்கிலாந்துக் கப்பல். நாமேதான் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு துண்டு கொடுத்து உயர்த்த வேண்டும். எங்கள் அளவில் அது ஓர் அரிசி அகலம்தான். மாப்பிள்ளை உயர்த்தவில்லை. அவர் செய்திருந்தது, ஆஸ்திரேலியக் கொடி கட்டிய இங்கிலாந்துக் கப்பல்.

“எப்படிண்ணே இருக்கு?” என்றாள் தங்கை.

“பிரமாதம்,” என்றேன்.

வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். சொல்லியிருந்தால் அவர் ஒரே நாளில் சரிசெய்திருப்பார். அதனால்தான் சொல்லவில்லை. அன்று தங்கை வைத்த மீன் குழம்பை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

போட்டி ஈப்போவில் ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில் நடந்தது. நடுவர் வயதான சீனர். எல்லாரும் அவரை அங்கிள் என்போம். எங்கள் இரண்டு கப்பலும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கையில் ஒரு கோப்பில் பழைய படங்களும் அளவுகளும் தயாராக வைத்திருந்தேன். அங்கிள் கேட்டதும் விரித்துக் காட்டலாம் என்று திட்டம். அவர் எதுவும் கேட்கவில்லை. மாப்பிள்ளைக்கு முதல் பரிசு அட்டை, எனக்கு இரண்டாவது.

“வேலை சுத்தம்,” என்று மலாய் மொழியில் என்னைத் தேற்றினார் அங்கிள். “புகைபோக்கிதான் கொஞ்சம் உயரமாகிவிட்டது.”

கோப்பைத் திறந்திருக்க வேண்டும். ஆனால் பக்கத்தில் தங்கை நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் திறந்தால், இது எனக்கு எப்போதிருந்து தெரியும் என்ற பேச்சு வரும். கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

மாப்பிள்ளை தரையில் மண்டிபோட்டு, மேசை மட்டத்துக்குக் கண்ணை வைத்து இரண்டு கப்பலையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்தார்.

“அங்கிள், மச்சான் செஞ்சதுதான் சரி. என்னோடதுதான் தப்பு,” என்றார். “மச்சான், அந்தப் படத்தைக் காட்டுங்க.”

காட்டினேன். அங்கிள் நெடுநேரம் பார்த்துவிட்டு அட்டைகளை மாற்றி வைத்தார். மாப்பிள்ளை முதல் ஆளாகக் கைதட்டினார். பதினைந்து வருடம் காத்திருந்த முதல் பரிசு. மாப்பிள்ளை எடுத்துக் கொடுத்து என் கைக்கு வந்தது.

கார் நிறுத்துமிடத்துக்கு நடக்கும்போதுதான் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

“அன்னிக்கி வீட்டுக்கு வந்தப்ப நீங்க இத கவனிக்கலியா மச்சான்?”

“இல்ல மாப்ளே. கவனிக்கல.”

“அதானே. பாத்திருந்தா சொல்லாம இருப்பீங்களா?” என்று சிரித்துவிட்டு, காரை எடுக்கப் போனார். அவர் நம்பிவிட்டார். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தபோது பக்கத்தில் நின்றிருந்தவள் தங்கை. அவளும் எங்களுடன்தான் நடந்து வந்தாள். தோளில் கிடந்த பையைச் சரிசெய்துகொண்டு என்னை ஒருமுறை பார்த்தாள்.

போன மாதம் தைப்பிங்குக்குப் போனேன். மாப்பிள்ளை ஏதோ புதிதாக ஆரம்பித்திருக்கிறார். என்னைக் கண்டதும், “வாங்க மச்சான், ஒண்ணு காட்டுறேன்,” என்று எழுந்தார். “அப்புறம் காட்டலாம், அண்ணே மொதல்ல சாப்பிடட்டும்,” என்றாள் தங்கை. சாப்பிட்டு முடித்தேன். காப்பி குடித்தேன். அந்த அறைக் கதவு சாத்தியே இருந்தது. இரண்டு தடவை அவர் எழுந்தார், இரண்டு தடவையும் அவள் வேறு ஏதாவது வேலை சொன்னாள். அவருடைய கப்பலை என் கண்ணில் படாமல் காப்பாற்றுகிறாள். அவரைக் கட்டிக்கொள்வதற்கு இருபது வருடம் முன்னாலிருந்தே அவள் என் தங்கை.