இன்னும் வந்துசேராத தேங்காய்

1. மூட்டை கட்டுவதாகச் சொன்னது

பிஸிக்ஸ் வாத்தியாராகச் சேர்ந்த மூன்றாம் மாதமே என் வேலை ஒரு தேங்காயை நம்பி நின்றது. புதிதாக சயன்ஸ் எடுக்க வரும் தம்பிமார்களுக்கு உபயோகப்படட்டும் என்று இதை எழுதிவைக்கிறேன்.

அப்போது பள்ளத்தூரில் ஒரு செட்டியார் சொந்தச் செலவில் நடத்திய ஹைஸ்கூலில் இருந்தேன். புதுக் கல்யாணம். வாடகைக்கு ஒரு வீடு பிடித்து, திருநெல்வேலியிலிருந்து மனைவியை அப்போதுதான் அழைத்து வந்திருந்தேன். வேலை போனால் மாமனார் வீட்டில் போய்த்தான் உட்கார வேண்டும். மாமனாருக்கோ ஆரம்பத்திலிருந்தே என்மேல் நம்பிக்கை இல்லை.

செட்டியார் பாதி ஆயுளை பர்மாவில் கழித்தவர். பள்ளிக்கூடம் நடத்துவதோடு நிற்காமல் வகுப்புக்கும் வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். அன்று வெக்டர் பாடம். ஒரு வேகத்தை மட்டமாக ஒரு கம்போனென்ட், செங்குத்தாக ஒரு கம்போனென்ட் என்று பிரிக்கலாம், ஒன்றின் விவகாரத்தில் மற்றொன்று தலையிடாது என்று விளக்கினேன். ஆகையால் உயரத்திலிருந்து ஒரு பொருளைச் சும்மா கீழே விட்டாலும், அதே நொடியில் இன்னொன்றை மட்டமாக வீசினாலும், இரண்டும் ஒரே சமயத்தில் தரையைத் தொடும் என்றேன்.

பின் பெஞ்சிலிருந்து ஒரு கனைப்பு வந்தது.

"வாத்தியாரே, ஒருத்தன் காரைக்குடிக்குப் போறான். இன்னொருத்தன் ரங்கூனுக்குப் போறான். ரெண்டு பேரும் ஒரே நேரத்துலயா போய்ச் சேருவாக?"

"இது வேறங்க ஐயா. மட்டமா எவ்வளவு தூரம் போனாலும் கீழே இறங்குற நேரம் மாறாது. காத்தை மட்டும் கணக்குல விட்டுடறோம்."

"காத்தை யாரைக் கேட்டு விட்டீக? எதையாச்சும் விட்டுப்புட்டுப் போடுறதுக்குப் பேரு கணக்கா?"

பையன்கள் சிரித்தார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வயது அப்படி.

"நேர்லயே செஞ்சு காட்டுறேன் ஐயா. தோத்தா இன்னைக்கே மூட்டையைக் கட்டிக்கிறேன்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் மாமனார் முகம் ஞாபகத்துக்கு வந்தது.

"பேச்சு மாறக் கூடாது" என்றார் செட்டியார், மிகுந்த சந்தோஷத்தோடு.

2. ஒரே சத்தம்

செட்டியார் வீட்டு மொட்டை மாடியில் ஏற்பாடு. கயிறு விட்டு அளந்தேன். முப்பத்தாறு அடி. ஃபார்முலாவில் போட்டால் ஒன்றரை செகண்ட். இரும்புக் குண்டு இரண்டு கேட்டேன். தரை உடைந்துவிடும் என்று செட்டியாரின் மனைவி மறுத்துவிட்டார். அவரை எல்லோரும் ஆச்சி என்போம். குண்டுக்குப் பதிலாக ஒரே அளவில் இரண்டு தேங்காய்களைக் கொடுத்தனுப்பினார்.

நான் விடும் காய் மதிலுக்கு உள்ளே கல் தரையில் விழ வேண்டும். டிரில் மாஸ்டர் சவரிமுத்து வீசும் காய் மதிலைத் தாண்டித் தெருவில் விழ வேண்டும். சவரிமுத்து பட்டாளத்தில் இருந்தவர். அவர் கை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல மட்டமாக வீசும்.

"ரெண்டு இடத்தை ஒரே சமயத்துல கண்ணால பாக்க முடியாதுங்க ஐயா. காதை நம்புங்க. ஒரே சத்தமா கேக்கும்" என்று செட்டியாருக்கு யோசனை சொன்னது நான்தான். அவரும் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார்.

மாஸ்டர் "ஒன், டூ, த்ரீ" சொன்னார். காய்கள் போயின. டமார்.

ஒரே சத்தம்! பிளந்து இரண்டாக்க முடியாத சத்தம். அத்தனை சுத்தமாக அந்தச் சோதனை எந்த லாபரட்டரியிலும் வந்திருக்காது. நான் சவரிமுத்துவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

பிறகு கீழே பார்த்தேன். இந்தப் பக்கத்தில் வேண்டுதலுக்காகத் தெருவில் தேங்காயை ஓங்கி உடைப்பார்கள். விடலை போடுவது என்று பெயர். சிதறிய சில்லு எடுத்தவருக்குச் சொந்தம். மாடியில் தேங்காயோடு நாங்கள் நிற்பதைப் பார்த்துக் கூடிய கூட்டம் வெக்டருக்காகக் கூடியதல்ல. நான் படி இறங்கி ஓடி வருவதற்குள் தெருவில் ஒரு ஈரம் மட்டும் இருந்தது. செட்டியார் கதவைத் திறந்து வருவதற்குள் வெயிலில் அதுவும் காய்ந்துவிட்டது.

3. காத்திருந்தது

செட்டியார் மதிலுக்குள் உடைந்து கிடந்த காயைப் பார்த்தார்.

"இது சும்மா விட்ட காய். வீசுன காய் எங்க?"

"தெருவுல விழுந்துச்சுங்க ஐயா. ஜனங்க எடுத்துத் தின்னுட்டாங்க."

அவர் தெருவைப் பார்த்து, "ஏப்பா, இங்குட்டு ஏதாச்சும் விழுந்துச்சா?" என்று கேட்டார். தெருவே தலையை ஆட்டி இல்லை என்றது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. திறக்க முடியாது. எல்லாருடைய கன்னமும் உப்பியிருந்தது.

"காதை நம்பச் சொன்னது நீங்கதானே வாத்தியாரே? காதுல ஒரு சத்தந்தான் விழுந்துச்சு. அப்ப, தூரம் போன காய் இன்னும் வந்து சேரலை. நான் சொன்னதும் அதானே? அவசரமில்லை, வரட்டும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

நாங்கள் முற்றத்து வெயிலில் நின்றோம். அரை மணி நேரம் போயிற்று. வீசியவரான சவரிமுத்துவே நெற்றியில் கையை வைத்து ஒருமுறை வானத்தை அண்ணாந்து பார்த்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

பக்கவாட்டுக் கதவு வழியாக ஆச்சி வந்தார். கையில் ஒரு தேங்காய்.

"வாத்தியாரய்யா, காய் விழுகாம அவுக சாப்பிட எந்திரிக்க மாட்டாக. இதைக் கொண்டுபோய் மேலேயிருந்து தெருவுல போட்டுட்டு வாங்க."

"ஆச்சி, இதைப் போட்டா நான் தோத்துடுவேன்."

"போடலைன்னா வீட்டுல ஒருத்தருக்கும் சோறு இல்லை."

எனக்கு அழுகை வந்தது. நான் படித்தது மெய் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி ஒரு தெருவின் வயிற்றில் இருந்தது. பொய் என்பதற்கான சாட்சியை நானே கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். மனைவியிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே தெருவில் போட்டேன்.

டமார். கூட்டம் பாய்ந்தது. வீட்டுக்குள்ளிருந்து, "வந்துருச்சு!" என்று செட்டியாரின் குரல் கேட்டது.

கீழே வந்தேன். தெருவில் மறுபடியும் ஒன்றும் இல்லை. "இதையும் தின்னுட்டாங்க ஐயா" என்றேன் வெறுப்போடு.

"விடலைக் காயை வேற என்ன செய்வாக? சத்தம் கேட்டுச்சுல்ல, அது போதும்."

"அப்ப நான் கிளம்புறேன் ஐயா."

"எங்க?"

"தோத்துட்டேனே."

அவர் நிஜமாகவே திகைத்துப்போனார். "யாரு தோத்தது? ரெண்டும் கீழ வந்து சேரும்னீக. சேந்துருச்சு. நேரத்துலதான் கொஞ்சம் முன்னப்பின்ன. ரங்கூன் கப்பலே சொன்ன நேரத்துக்கு வர்றதில்லை. அதுக்காகக் கப்பலை வேணாம்ங்கிறோமா? வாங்க, சாப்பிடுவோம்."

எனக்கு உயிர் வந்தது. மாமனார் வீட்டுக்குப் போக வேண்டாம் என்ற ஒன்றைத் தவிர அந்த நிமிஷத்தில் எந்த விதியும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இலையில் உட்கார்ந்த பிறகு அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"பரீட்சைக்குப் பயலுக ஒன்றரை செகண்டுன்னே எழுதட்டும். நம்ம பள்ளத்தூருக்கு அரை மணி நேரம்னு சொல்லிக் குடுத்துருங்க."

தலையை ஆட்டினேன். சாப்பாடு பிரமாதம். தேங்காய்த் துவையலை மட்டும் தொடவில்லை.

ரிட்டயர் ஆகும்வரை அதே பள்ளிக்கூடத்தில்தான் இருந்தேன். வருஷா வருஷம் இந்தக் கணக்கைப் போர்டில் எழுதியதும் எவனாவது ஒருவன் எழுந்து, "சார், பரீட்சைக்கா, பள்ளத்தூருக்கா?" என்று கேட்பான். அவன் அப்பாவும் என்னிடம் படித்தபோது அதையே கேட்டவராக இருப்பார்.

தம்பிமார்களே, நான் கற்றுக்கொண்டது இதுதான். சோதனைக்கு எடுக்கும் பொருள் தின்னக்கூடியதாக இருக்கக் கூடாது. மற்ற விதிகளெல்லாம் புத்தகத்திலேயே இருக்கின்றன.