கல்யாண போட்டோவில் இடம்

நெய்வேலியில் ஒரு மேட்னி. பழைய கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படம். திரையில் கதவு கிரீச்சிட்டதற்கே பக்கத்து சீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்ட வீரன் நான். அவர் மைன்ஸ் கான்ட்ராக்ட் தொழிலாளி, கன்னத்தில் தழும்பு. கோபிக்காமல் தட்டிக்கொடுத்தார்.

படத்தில், முகத்தில் தழும்புள்ள வேலைக்காரன் ஒருவன் வந்தான். “இவன்தான் கொலைகாரன்” என்றேன்.

“இல்லீங்க, கோட்டு போட்டவன்தான். எங்களாட்டம் மூஞ்சிய சும்மா சந்தேகப்படத்தான் வெச்சிக்கினு இருப்பாங்க.”

அப்படியே ஆனது. வேலைக்காரனிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கடைசியில் கதாநாயகனுக்குக் கல்யாணம், குடும்பமே போட்டோவுக்கு நின்றது. அதற்குள் முன்வரிசைக்காரர்கள் எழுந்து மறைத்தார்கள்.

“உசரமா இருக்கீங்களே சார், போட்டோல அந்த வேலைக்காரன் நிக்கிறானா, பாத்து சொல்லுங்க.”

எட்டிப் பார்த்தேன். இல்லை.

“மாப்பிள்ளை பக்கத்துலயே நிக்கிறாருங்க” என்றேன்.

“அப்பிடியெல்லாம் நிக்க வெக்க மாட்டாங்களே” என்றவர், என் முகத்தைப் பார்த்து மெல்லச் சிரித்தார். “சரி, நிக்கட்டும் சார்.”