நான் அணைக்கச் சொன்ன தீ

வனத்துறை வைத்த தீயை அணைக்கத் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்ட ஆள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் எல்லாரும் சொல்லிச் சிரித்தாயிற்று, இனி என் வாயாலும் வந்துவிட்டால் கணக்கு தீரும். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவன் நான். சுற்றுச்சூழல் மன்றத்துக்குப் பொறுப்பாசிரியர் வேறு. 'காட்டுத்தீயைத் தடுப்போம்' என்று அட்டை பிடித்துப் பிள்ளைகள் வெயிலில் நடக்க, நான் நிழல் பார்த்துக் கூடவே நடந்தவன்.

குலசேகரத்துக்கு மேலே, மலைச்சரிவில் எனக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. ஓய்வுபெற்ற பிறகு மரங்களுக்கு இடையே முப்பது தேனீப்பெட்டிகள் வைத்தேன். தோட்டத்தின் கீழ் எல்லையிலிருந்து ஓடைவரை காட்டுப் புல்வெளி சரிந்து இறங்கும். ஆளை மறைக்கும் புல். தோட்டத்துக்கும் புல்லுக்கும் நடுவில், ஒரு தெரு அகலத்துக்கு, தை மாதத்தில் வனத்துறை ஆட்கள் புல்லை எரித்து விடுவார்கள். கோடையில் நிஜத் தீ வந்தால் தின்ன ஒன்றும் கிடைக்காமல் அந்தக் கரிந்த பட்டையில் நின்றுவிடும். பயர்லைன் என்று சொல்வார்கள், எனக்கு இது பிற்பாடுதான் தெரியும். வேலையில் இருந்த காலத்தில் நான் அந்தத் தோட்டத்துக்குச் சனிக்கிழமை விருந்தாளி. கரிந்த புல்லைப் பார்த்து, எவனோ பீடித்துண்டைப் போட்டிருக்கிறான் என்று திங்கட்கிழமை வகுப்பில் கொதித்திருக்கிறேன்.

எரிக்கப்போகும் நாளை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பாகவும் வாசித்தார்களாம். அந்த நேரம் நான் கண்ணை மூடி ஜெபத்தில் இருந்தேன். அதற்கு என் மனைவி வேறு பெயர் வைத்திருக்கிறாள்.

அன்று காலை பெட்டிகளுக்குக் கீழே புகை எழுந்ததைப் பார்த்ததும் போனை எடுத்துவிட்டேன். வண்டி ஏறி வந்து குழாயைத் திருப்பி, எரிந்துகொண்டிருந்த பட்டையில் தீ இன்னும் தொடாத துண்டைச் சொட்டச் சொட்ட நனைத்தது. அப்புறம்தான் புகைக்குள்ளிருந்து காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண் வெளியே வந்தார். பக்கத்துக் காணிப் பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்தவர். தீக்காவல் குழுவுக்கு அவர்தான் தலைமை. என்னைவிட இருபது வயது இளையவர். நனைந்த புல்லைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"போன் செஞ்சது சாராக்கும்?"

நான் ரப்பர் மரத்தின் உச்சியில் எதையோ தேடினேன். வண்டிக்காரர்கள் குழாயைச் சுருட்டிக்கொண்டே சிரித்தார்கள்.

நனைந்த புல் மூன்று நாளில் காய்ந்துவிட்டது. ஆனால் அதற்குள் காற்று திரும்பிவிட்டது. காற்று திரும்பினால் அவர்கள் தீக்குச்சி உரசுவதில்லை. அப்படியாக, எரிந்த பட்டைக்கு நடுவே நூறடி நீளத்துக்குப் புல் அப்படியே நின்றது. சரியாக என் பெட்டிகளுக்கு நேர் கீழே.

எரித்த இடம் பத்து நாளில் பச்சை கட்டியது. விடிகாலையில் மிளா மான்கள் வந்து அந்தக் குருத்தைக் கடித்தன. கரியின்மேல் அத்தனை இளம்பச்சையை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் கண்டதில்லை. தினமும் போய் வாய் பிளந்து நின்றேன். பக்கத்திலேயே என் நூறடியும் சருகாய்ச் சலசலத்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் மட்டும் நான் திரும்புவதில்லை.

பங்குனியில் ஒரு நண்பகல், ஓடைப்பக்கத்திலிருந்து நிஜத் தீ ஏறியது. யார் வைத்தார்களோ தெரியாது. இந்தத் தடவை நான் கூப்பிட்டது தீக்காவல் குழுவை. அவர்கள் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தார்கள்.

தேனீப்பெட்டியைப் பகலில் நகர்த்த முடியாது. பாதி ஈக்கள் வெளியே மேயப் போயிருக்கும். பெட்டியைத் தூக்கிப் போய்விட்டால் அவை பழைய இடத்துக்கே திரும்பி வந்து, வெறும் காற்றில் வீட்டைத் தேடிச் சுற்றிச் செத்துப்போகும். ரப்பர் தளிர்விட்டு, இலைக்காம்பில் தேன் சுரந்து, ஈக்கள் மும்முரமாக உழைக்கும் நேரம் அது. ஒரு பெட்டியைக் கட்டிப் பிடித்தபடி நான் நின்றேன். முப்பதையும் கட்டிப் பிடிக்க எனக்குக் கை போதவில்லை.

அந்தப் பெண் ஐந்தாறு பேரோடு வந்தார். கையில் இலையோடு ஒடித்த பச்சைக் கொப்புகள். தண்ணீர் எங்கே என்று கேட்டேன். அவர் கீழே குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, விரலிடுக்கில் விட்டு, அது காற்றில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காய்ந்த தென்னோலையைப் பந்தமாகக் கட்டிக் கொளுத்தி, என் தோட்டத்து ஓரத்திலேயே, அந்த நூறடிப் புல்லின் மேட்டு விளிம்பில் தீ வைத்தார்.

என் தொண்டையில் வந்த சத்தம் மனிதச் சத்தம்தானா என்று இன்றும் எனக்குச் சந்தேகம்.

"சாரே, போனு பையிலதான கெடக்கு? அங்ஙனயே கெடக்கட்டும்," என்றார் திரும்பாமலே.

அவர் வைத்த தீ முழங்கால் உயரம்கூட இல்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, மேயும் பசு மாதிரி, ஒவ்வோர் அடியாகப் புல்லைத் தின்றுகொண்டு இறங்கியது. தோட்டத்துப் பக்கம் நாக்கை நீட்டியபோதெல்லாம் பச்சைக் கொப்பால் ஓர் அடி விழுந்தது. கீழேயிருந்து வந்த தீயோ மர உயரம். மழை தகரக் கூரைமேல் பெய்கிற சத்தம் அதற்கு. புகையின் ஓரத்தில் இரட்டைவால் குருவிகள், தப்பிப் பறக்கும் வெட்டுக்கிளிகளை விருந்துக்கு வந்தவர்கள்போல் கொத்திக்கொண்டிருந்தன. அவற்றுக்கு இருந்த தைரியத்தில் கால்வாசி எனக்கு இல்லை.

இரண்டு தீக்கும் நடுவே இருபதடி இருக்கும்போது அது நடந்தது. அதுவரை ஊர்ந்து இறங்கிய சின்னத் தீ, சட்டென்று தலை நிமிர்ந்து, பெரிய தீயைப் பார்த்து ஓடியது. பெரிய தீ தன் மூச்சாலேயே அதை இழுக்கிறது. சூடான காற்று மேலே போனால் பக்கத்துக் காற்று அந்த இடத்துக்கு வரும் என்று முப்பது வருடம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டவன் நான். அந்த அம்புக்குறி கண்முன்னே தீயாய் ஓடுகிறது. இரண்டும் மோதின. ஒரே ஒரு சுவர், வானம்வரை. என் புருவம் பொசுங்கும் வாசனை எனக்கே வந்தது. அடுத்த மூச்சில் அங்கே ஒன்றுமில்லை. தின்னப் புல் இல்லை, தீயும் இல்லை. கறுத்த சரிவும், அதன்மேல் ஒரு வெள்ளைப் புகையும்.

பட்டையின் மற்றப் பகுதிகளில், தை மாதம் எரித்திருந்த இடங்களில், யாரும் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அத்தனை ஆவேசமாக ஏறிவந்த தீ, கரியும் மிளா கடித்த குருத்துமாக இருந்த ஓரத்தைத் தொட்டதும் பேச்சு மறந்தவன்போல் நின்று, அணைந்துபோயிருந்தது. என் கை தானாகக் கூப்பியது. பயத்தால் அல்ல. தேவாலயத்தில் எப்போதாவது, நான் நிஜமாகவே விழித்திருக்கும் நேரத்தில், அப்படிக் கூப்பியதுண்டு.

ஒரு தேனீ புகையைச் சுற்றிக்கொண்டு வந்து, தன் பெட்டி வாசலில் இறங்கி, உள்ளே போனது. பிறகு இன்னொன்று.

அவர்கள் கொப்பைத் தரையில் தட்டிக் கங்குகளை அணைத்துக்கொண்டே போனார்கள். நான் சரிவில் இறங்கி அந்தப் பெண்ணின் முன்னால் போய் நின்றேன். தை மாதம் நான் செய்த பிழையைச் சொன்னேன். அவருடைய மண் பார்க்கும் விரலுக்கு முன் என் படிப்பெல்லாம் என்ன என்றேன். முப்பது பெட்டி உயிர்களின் சார்பாகவும் நன்றி என்றேன். பிரிவுபசார விழாவில் பேசியதைவிட நன்றாகப் பேசினேன் என்றே நினைக்கிறேன். குரல்கூடச் சரியான இடத்தில் தழுதழுத்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் செருப்பைப் பார்த்தார்.

"கால எடுங்க சாரே, கங்குல நிக்கீங்க."